சோதனை அறிக்கையில் ‘தேர்ச்சி’ என்று போடச் சொல்கிறார்கள்

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். தொழிற்சாலைகளுக்கு வருகைப்பதிவு, சம்பளக் கணக்கு மென்பொருள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக டெவலப்பராக வேலை செய்கிறேன். புதிய பதிப்பு அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பெரிய வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். கடைசிக் கட்டச் சோதனையில் ஒரு பிழையைக் கண்டேன். மதியம் இரண்டு மணி ஷிப்டில் வருபவர் இரவு பத்து மணிக்கு வேலை முடிக்க வேண்டும். ஓவர்டைமுக்காக அவர் நள்ளிரவைத் தாண்டி ஒன்றரை மணி வரை இருந்தால், பத்திலிருந்து பன்னிரண்டு வரையுள்ள இரண்டு மணி நேரத்தை மட்டுமே மென்பொருள் கணக்கில் எடுக்கிறது. மீதி ஒன்றரை மணி நேரம் மறுநாள் தேதியில் போய் விழுகிறது. அந்த நாளின் எந்த ஷிப்டோடும் பொருந்தாததால் அப்படியே கழிந்துவிடுகிறது. திரையில் எந்த எச்சரிக்கையும் வருவதில்லை.

மேலாளரிடம் சொன்னேன். “இதைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆகும், இப்போது தொட முடியாது. பிழையைப் பதிந்த டிக்கெட்டை ‘வடிவமைப்பின்படியே’ என்று குறித்து மூடிவிடு. சோதனை அறிக்கையில் அந்த வரிக்குத் ‘தேர்ச்சி’ போட்டுக் கையெழுத்திடு. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். உடன் வேலை செய்பவர்களோ, “நீ நிரல் எழுதுகிறவன், முடிவெடுப்பவர்கள் அவர்கள். நீ மறுத்தால் வேறொருவர் போட்டுவிட்டுப் போகப் போகிறார்” என்கிறார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது. வேலையை விடும் நிலையில் நான் இல்லை. கையெழுத்துப் போட்டால் அது என் குற்றமாகுமா? இன்னொன்று: வாடிக்கையாளருக்கு அனுப்பிய குழு விவரத்தில் எனக்கு எட்டு ஆண்டு அனுபவம் என்று போட்டிருக்கிறார்கள். அதையும் கண்டுகொள்ளாமல் விடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அந்த வரிக்குத் ‘தேர்ச்சி’ போடாதீர்கள். வேலையையும் விடாதீர்கள். இவை இரண்டும் சேர்ந்து நடக்கக்கூடியவைதான். கையெழுத்துப் போடுவது அல்லது ராஜினாமா செய்வது என்று இரண்டே வழிகள் இருப்பதாக நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. இடையில் நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நம் தொழிலின் பெரும்பகுதி நடக்கிறது.

உங்கள் மேலாளர் ஒரே மூச்சில் இரண்டு காரியங்களைக் கேட்டிருக்கிறார். பிழையோடு வெளியிடுவது ஒன்று. பிழை இல்லை என்று எழுதித் தருவது மற்றொன்று. வெள்ளிக்கிழமை வெளியிடுவதா, தள்ளிப்போடுவதா என்பது முடிவு. சோதனையில் என்ன நடந்தது என்பது சாட்சியம். முடிவெடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அது உங்களுக்குப் பிடிக்காத முடிவாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் கண்ணால் பார்த்ததை வேறுவிதமாக எழுதச் சொல்லும் உரிமை உங்கள் மேலாளருக்கும் இல்லை, அவருக்கு மேலே இருப்பவருக்கும் இல்லை. “முடிவெடுப்பவர்கள் அவர்கள்” என்று நண்பர்கள் சொல்வது முதல் காரியத்துக்குப் பொருந்தும். இரண்டாவதற்குப் பொருந்தாது. அங்கே இருக்கப்போவது உங்கள் பெயர்.

தெரிந்த பிழைகளோடு மென்பொருள் வெளியாவது அன்றாட நடப்பு. பிழையே இல்லாத மென்பொருளைத்தான் வெளியிட வேண்டும் என்றால் உலகில் எதுவும் வெளியாகாது. அதனால்தான் ‘அறியப்பட்ட குறைபாடுகள்’ என்று ஒரு பட்டியலை வெளியீட்டுக் குறிப்போடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஒரு பொத்தான் இடம் மாறி நிற்கிறது, ஓர் அறிக்கையின் தலைப்பு அச்சில் வெட்டுப்படுகிறது என்றால் பட்டியலில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியிடுவதில் எந்த நேர்மைக் குறைவும் இல்லை. எதற்கெடுத்தாலும் அறம் என்று கொடிபிடித்து வெளியீட்டைத் தடுக்கும் பொறியாளரோடு வேலை செய்வது எனக்கும் கடினம்.

உங்கள் பிழை அந்த வகை அல்ல. அது யாருடைய பையிலிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். மாதத்தில் எட்டு இரவுகள் ஒன்றரை மணி வரை இருந்த தொழிலாளிக்குப் பன்னிரண்டு மணி நேர ஓவர்டைம் கூலி காணாமல் போகிறது. அவர் கையில் கிடைக்கும் சம்பளச் சீட்டில் ஓவர்டைம் பெரும்பாலும் மாத மொத்தமாக ஒரே எண்ணாக இருக்கும். எந்த இரவில் எவ்வளவு கழிந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. சந்தேகப்பட்டுக் கேட்டாலும், கணக்குப் பிரிவில் இருப்பவர் திரையைத் திருப்பிக் காட்டி, “கம்ப்யூட்டரில் இவ்வளவுதான் இருக்கிறது” என்பார். அவரும் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உங்கள் நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் அந்தத் தொழிலாளி எங்கும் இல்லை. வெளியீட்டுக் குறிப்பு அவருக்குப் போகாது. பிழையால் நஷ்டப்படுகிறவர் ஒருவர், அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கிறவர் வேறொருவர். இப்படி இருக்கும்போதெல்லாம் நாம் நின்று யோசிக்க வேண்டும். என் கணக்கில், ஒரு பிழையின் தீவிரத்தை அளக்கும்போது எத்தனை திரைகள் கெட்டன என்பதைவிட இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

“கம்ப்யூட்டர் இப்படித்தான் காட்டுகிறது” என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. அங்குள்ள போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. அதை இயக்கித் தந்தது புஜிட்சு என்ற கணினி நிறுவனம். கிளைகளில் பணம் குறைவதாக மென்பொருள் காட்டியபோது, கிளையை நடத்தியவர்களே அதைக் கட்ட வேண்டியிருந்தது. 2015 வரையிலான காலத்தில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்ற குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் சொத்தை இழந்தார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் வழங்கப்பட்ட தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இதில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் பகுதி ஒன்று உண்டு. 2010-இல் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. சில டஜன் கிளைகளில் வரவும் செலவும் பொருந்தவில்லை, ஆனால் கிளையில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதைப் பற்றிப் பேசிய கூட்டத்தின் குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. இந்தப் பிழை வெளியே தெரிந்தால் கிளைகளுக்கு மென்பொருள் மீதுள்ள நம்பிக்கை போய்விடும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கலாம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அன்று காலையில் ஓர் அப்பாவியைச் சிறைக்கு அனுப்புவோம் என்று நினைத்து வீட்டிலிருந்து கிளம்பியிருக்க மாட்டார்கள். ‘இப்போது சொன்னால் சிக்கல்’ என்று மட்டுமே நினைத்திருப்பார்கள். உங்கள் மேலாளரும் இன்று அதைத்தான் நினைக்கிறார்.

அதே கதையில் நம்பிக்கை தரும் பகுதியும் இருக்கிறது. ஹொரைசனைப் பராமரித்தவர்கள், கண்ட பிழைகளை ‘அறியப்பட்ட பிழைகள் பதிவேடு’ ஒன்றில் எழுதிவைத்திருந்தார்கள். எந்தக் கிளையில், என்ன செய்தபோது, என்ன ஆனது என்று சாதாரணத் தொழில்நுட்ப மொழியில் எழுதிய ஆயிரக்கணக்கான குறிப்புகள். வழக்கில் அந்தப் பதிவேடு வெளியே வந்தபோது, ‘பிழையே இல்லை’ என்ற வாதத்துக்கு எதிரான வலுவான சான்றுகளில் ஒன்றாக அது நின்றது. அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் வீரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றாட வேலையாகத்தான் எழுதினார்கள். ஆனால் அவர்கள் ‘வடிவமைப்பின்படியே’ என்று எழுதி மூடியிருந்தால், அந்தக் குடும்பங்களுக்கு நியாயம் கிடைக்க இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

அதனால் டிக்கெட்டை அந்தச் சொல்லைப் போட்டு மூடாதீர்கள். முதலில், மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிய தேவை ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். ஷிப்டைத் தொடர்ந்து நடக்கும் ஓவர்டைம், நள்ளிரவைத் தாண்டினாலும் அந்த ஷிப்டின் நாளிலேயே சேர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால், ‘வடிவமைப்பின்படியே’ என்பது நேரடியான பொய். ஆவணம் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றால், அது வாடிக்கையாளரிடம் கேட்டுத் தீர்க்க வேண்டிய கேள்வி. நள்ளிரவுக்குப் பின் உழைத்த நேரத்துக்குக் கூலி வேண்டாம் என்று எந்த வாடிக்கையாளரும் எழுத்தில் தரமாட்டார். அந்தக் கேள்வியை எழுத்தில் கேட்பதே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து, பிழையை வேறு யாரும் செய்து பார்க்கும்படி எழுதிவையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் குறைந்தது ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் இறந்தார்கள். அளவு மீற வாய்ப்பே இல்லை என்று தயாரிப்பாளர் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. 1986-இல் டெக்சாஸ் மருத்துவமனை ஒன்றின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும் சேர்ந்து உட்கார்ந்து, விபத்தன்று அழுத்திய விசைகளைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்கள். சிகிச்சை விவரத்தைத் தவறாக உள்ளிட்டு, அதை மிக வேகமாகத் திருத்தினால் பிழை வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். தயாரிப்பு நிறுவனப் பொறியாளருக்கு முதலில் அது வரவில்லை. வேகமாகத் தட்ட வேண்டும் என்று சொன்ன பிறகே வந்தது. அதற்குப் பின் மறுக்க யாராலும் முடியவில்லை. ‘ஓவர்டைம் கணக்கில் கோளாறு இருக்கிறது’ என்ற வாக்கியத்தை எவரும் ஒதுக்கிவிடலாம். ‘சோதனைத் தொழிலாளி ஒருவரை உருவாக்கி, மதியம் இரண்டு மணிக்கு உள்ளே, மறுநாள் அதிகாலை ஒன்றரை மணிக்கு வெளியே என்று பதிவு செய்யுங்கள்; ஓவர்டைம் மூன்றரை மணி நேரம் வர வேண்டும், இரண்டு மணி நேரம் வருகிறது’ என்பதை ஒதுக்க முடியாது. யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

இனி மேலாளரிடம் பேசும் விஷயம். எல்லோருக்கும் நகல் போட்டு மின்னஞ்சல் அனுப்புவதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் தனியாகப் பேசுங்கள். அவர் கெட்டவர் என்று உங்கள் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. தேதியை யாரோ வாக்குக் கொடுத்துவிட்டார்கள், அதன் சுமை அவர் தலையில் இருக்கிறது. அவர் முன்னால் பிரச்சினையை மட்டும் வைத்தால், அதை மறைப்பது ஒன்றே அவருக்கு வழியாகத் தெரியும். கூடவே ஒரு தீர்வையும் வைத்தால் அவர் முகம் மாறும்.

அந்தத் தீர்வு உங்கள் கடிதத்திலேயே ஒளிந்திருக்கிறது. முழுத் திருத்தத்துக்கு இரண்டு வாரம் என்கிறார் உங்கள் மேலாளர். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. பதிவின் தேதியை வைத்துக் கணக்கிடுவதை விட்டுவிட்டு, ஷிப்ட் தொடங்கிய நாளை வைத்துக் கணக்கிட வேண்டும். விடுப்பு, சம்பளப் பட்டியல், பழைய அறிக்கைகள் எல்லாம் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். ஆனால் இந்தப் பிழையின் மோசமான பகுதி கணக்குத் தவறுவதல்ல, சத்தமில்லாமல் தவறுவது. பொருந்தாத நேரத்தைத் தூக்கி எறியும் இடத்தில், எறியாமல் ஒரு தனிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ‘எந்த ஷிப்டோடும் பொருந்தாத பதிவுகள்’ என்று மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்கு அந்தப் பட்டியல் வரட்டும். அதைச் சரிபார்த்து, நேரத்தைக் கையால் சேர்த்த பிறகே மாதக் கணக்கை மூட முடியும் என்று வையுங்கள். இதற்கு ஓரிரு நாள் போதுமானதாக இருக்கலாம். உங்கள் நிரலை அறிந்தவர் நீங்கள்தான், பார்த்துச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால், பொருந்தாத பதிவுகளை எடுத்துத் தரும் ஒரு வினவலையாவது எழுதி, வெளியீட்டுக் குறிப்போடு கொடுக்கலாம். வெள்ளிக்கிழமையும் தப்பும், தொழிலாளியின் கூலியும் தப்பும். சோதனை அறிக்கையில் அந்த வரிக்குத் ‘தோல்வி, மாற்று ஏற்பாடு உண்டு, நிரந்தரத் திருத்தம் அடுத்த பதிப்பில்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம். வாடிக்கையாளர்கள் இப்படிப்பட்ட வரியைப் பார்த்து ஓடிவிடுவதில்லை. எல்லா வரியிலும் ‘தேர்ச்சி’ இருக்கும் அறிக்கையைத்தான் அனுபவமுள்ள வாடிக்கையாளர் சந்தேகத்தோடு பார்ப்பார்.

பேசி முடித்த அன்றே, பேசியதைச் சுருக்கமாக எழுதி அவருக்கு அனுப்புங்கள். குற்றப்பத்திரிகை போல இருக்கக் கூடாது. இப்படி இருக்கலாம்:

“வணக்கம். இன்று பேசியபடி: மதிய ஷிப்டின் ஓவர்டைம் நள்ளிரவைத் தாண்டும்போது, நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம் கணக்கில் சேர்வதில்லை. செய்து பார்க்கும் முறை டிக்கெட்டில் உள்ளது. இதனால் தொழிலாளர்களுக்குக் கூலி குறையும் என்பதால் இதை உயர் தீவிரப் பிழையாகக் கருதுகிறேன். பொருந்தாத பதிவுகளின் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் சேர்த்துவிட முடியும். அந்தச் சோதனை வரிக்கு இப்போதைய நிலையில் ‘தேர்ச்சி’ என்று என்னால் பதிவிட முடியாது. பிழையோடு வெளியிடுவது என்று முடிவானால், அது வெளியீட்டுக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் யாரையும் குறை சொல்லவில்லை. என்ன நடக்கிறது, யாருக்கு நஷ்டம், என்ன செய்யலாம், எதை உங்களால் செய்ய முடியாது என்பவை மட்டுமே இருக்கின்றன. “மனசாட்சி இடம் தரவில்லை” போன்ற சொற்களைத் தவிருங்கள். அவை உண்மையாக இருந்தாலும், பேச்சைப் பிழையிலிருந்து உங்கள் குணத்தின் பக்கம் திருப்பிவிடும்.

அவர் மறுத்தால்? அடுத்த படி அவருக்கு மேலே இருப்பவர், அல்லது தரப் பிரிவு. நிறுவனத்தில் சட்டப் பிரிவு இருந்தால் அதுவும் ஒரு வாசல். சம்பளக் கணக்கில் கூலி குறைகிறது என்ற வாக்கியத்தைச் சட்டம் படித்தவர்கள் வேறு கண்ணோடு படிப்பார்கள். அங்கே போகும் முன் மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வாடிக்கையாளரிடம் நேராகப் போய்ச் சொல்வதை முதல் படியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே உள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிய பிறகு வரும் படி அது. அதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். புகார் சொல்பவருக்கு உள்ள பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் கூட்டத்தில் வாடிக்கையாளரே உங்களைப் பார்த்து, “நள்ளிரவைத் தாண்டும் ஓவர்டைமைச் சோதித்தீர்களா?” என்று கேட்டுவிட்டால், அங்கே உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டால் மறைக்க மாட்டேன் என்பதை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை.

உங்களுக்கென்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், யாரிடம், என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பது போதும். நிறுவனத்தின் நிரலையோ தொழிலாளர்களின் பதிவுகளையோ உங்கள் சொந்தக் கணினிக்கும் சொந்த மின்னஞ்சலுக்கும் எடுத்துப் போகாதீர்கள். பயத்தில் பலர் இதைச் செய்துவிடுகிறார்கள். அதன்பின் பேச்சு பிழையைப் பற்றி இருக்காது; நீங்கள் தரவைத் திருடினீர்களா என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

“நீ மறுத்தால் வேறொருவர் போடுவார்” என்ற பேச்சுக்கு வருகிறேன். போடலாம்தான். ஆனால் நீங்கள் எழுதிவைத்த பிறகு போடுகிறவர், தெரிந்தே போட வேண்டும். அது பலருடைய கையைத் தயங்கவைக்கும். இந்தப் பேச்சை நம்பி நடந்தவர்களுக்கு என்ன ஆனது என்றும் பாருங்கள். நியூயார்க்கில் பெர்னார்டு மேடாஃப் நடத்திய முதலீட்டு மோசடியில், நடக்காத பங்கு வர்த்தகங்களை நடந்ததுபோல் காட்டும் நிரல்களை இரண்டு நிரலர்கள் எழுதினார்கள். 2006-இல் அவர்களுக்கே பொறுக்கவில்லை. இனிப் பொய்க்கணக்கு உருவாக்க மாட்டோம் என்று மேடாஃபிடம் நேரிலேயே சொன்னார்கள். அதோடு நின்றிருந்தால் கதை வேறு. சம்பளம் ஏறத்தாழ 25 சதவீதம் உயர்ந்தது, ஆளுக்கு 60,000 டாலர் அளவில் போனஸ் வந்தது, பேச்சு நின்றது. 2008 டிசம்பரில் எல்லாம் சரிந்தது. 2014-இல் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, ஆளுக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. மறுத்தார்களே என்ற விஷயம் அவர்களுக்கு எதிராகத்தான் வேலை செய்தது: தவறு என்று தெரிந்திருந்ததற்கு அதைவிட நல்ல சான்று ஏது? சோதனையின்போது மட்டும் கார்ப் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்து நடந்த ஃபோக்ஸ்வேகன் டீசல் மோசடியிலும், அமெரிக்காவில் முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2017-இல் 40 மாதச் சிறைத்தண்டனை பெற்றவர் ஒரு பொறியாளர். அவர் நிறுவனத்தின் உச்சியில் இருந்தவர் அல்லர்.

உங்கள் பிழையை இவற்றோடு சமமாக வைத்துப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. அளவு வேறு, நோக்கம் வேறு. ஆனால் “கையெழுத்துப் போட்டால் அது என் குற்றமாகுமா” என்று கேட்டீர்களே, அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். தெரியாமல் விட்ட பிழை குற்றமல்ல. தெரிந்த பிழையை இல்லை என்று எழுதுவது உங்கள் செயல். சொன்னவருக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் அதனால் உங்கள் பங்கு குறைந்துவிடாது. சட்டம் எந்த இடத்தில் எப்படிப் பார்க்கும் என்பது வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. தொழில் எப்படிப் பார்க்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும். ஏசிஎம், ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி என்ற கணினித் துறையினரின் இரு அமைப்புகளும் சேர்ந்து 1999-இல் மென்பொருள் பொறியாளர்களுக்கென ஒரு நெறிமுறையை வெளியிட்டன. உரிய சோதனைகளில் தேறியது என்று நம்பத் தக்க அடிப்படை இருந்தால் மட்டுமே மென்பொருளுக்கு ஒப்புதல் தர வேண்டும் என்று அதன் முதல் பகுதியிலேயே வருகிறது. பொதுமக்கள் நலனை முதலிலும், வாடிக்கையாளரையும் முதலாளியையும் அதற்கு அடுத்தும் வைத்தார்கள். மேலாளர்களுக்கும் அதில் ஒரு விதி உண்டு: ஒரு திட்டத்தைப் பற்றி அறம் சார்ந்த கவலையைச் சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது. இதைப் படிக்கும் மேலாளர்கள் இந்த ஒரு விதியை மட்டுமாவது மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் குழுவில் கெட்ட செய்தியை முதலில் சொன்னவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதை மற்றவர்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டு ஆண்டு அனுபவம் என்ற விஷயத்தில் நீண்ட பதில் தேவையில்லை. அது பொய், உங்கள் பெயரில் சொல்லப்பட்ட பொய். ‘குழு விவரத்தில் என் அனுபவம் தவறாக உள்ளது, ஐந்து ஆண்டு என்று திருத்துங்கள்’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள். யாரோ கைதவறித் தட்டியதாகவே பாவித்து எழுதுங்கள்; திருத்த அவர்களுக்கு அது வசதியாக இருக்கும். வாடிக்கையாளர் நேரில் கேட்டால் ஐந்து என்றே சொல்லுங்கள். நல்ல ஐந்து ஆண்டு அனுபவம் வெட்கப்பட வேண்டியதல்ல. நள்ளிரவைத் தாண்டும் ஓவர்டைமைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றாதபோது உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

வீட்டுக் கடன் உள்ளவரிடம் ‘துணிந்து நில்லுங்கள்’ என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அதன் விலையைக் கட்டப்போகிறவர் நீங்கள். அதனால் இதையும் சொல்கிறேன். மேலே சொன்னபடி நடந்துகொள்பவர்களில் பெரும்பாலோருக்கு வேலை போவதை நான் பார்த்ததில்லை. சில வாரங்கள் மேலாளரின் முகம் இறுகியிருக்கும், ஒரு மதிப்பீட்டில் ஒரு புள்ளி குறையலாம். அதையும் நஷ்டம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை உங்களுக்குத் தெரியாமல் மாற்றினாலோ, உங்கள் லாகினில் வேறொருவர் நுழைந்து ‘தேர்ச்சி’ போட்டாலோ, அந்த நிறுவனத்தில் உங்கள் காலம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே ராஜினாமா வேண்டாம். நடந்ததை எழுத்தில் தெரிவித்துவிட்டு, அமைதியாக வேறு வேலை தேடுங்கள், கிடைத்ததும் போங்கள். போகும்போது வேலையை முழுமையாக ஒப்படையுங்கள். புதிய இடத்து நேர்காணலில் பழைய இடத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்தப் பிழை புதிய பதிப்பில் வந்ததா, பழைய பதிப்பிலேயே இருந்ததா? தேதியை வைத்துக் கணக்கிடும் நிரல் பொதுவாக அடித்தளத்தில் இருக்கும். ஒரு வெளியீட்டுக்காக அதை யாரும் புதிதாக எழுதமாட்டார்கள். பழைய பதிப்பிலும் இருந்தால், ஏற்கெனவே உங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் தொழிற்சாலைகளில் மாதக்கணக்காகக் கூலி குறைந்துகொண்டிருக்கலாம். அப்போது விஷயம் வெள்ளிக்கிழமை வெளியீட்டோடு நிற்காது. நிலுவைத் தொகையைக் கணக்கிட்டு, வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்கும் கடமை நிறுவனத்துக்கு வந்துவிடும். நல்ல வேளையாக, உள்ளே, வெளியே போன நேரப் பதிவுகள் அழிக்கப்படாமல் இருந்தால் இழந்த நேரத்தைத் திரும்பக் கணக்கிட முடியும். மேலாளரிடம் பேசப் போகும் முன் பழைய பதிப்பில் அதே சோதனையை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அங்கும் மூன்றரைக்குப் பதில் இரண்டு வந்தால், மேலே நான் எழுதித் தந்த மின்னஞ்சலின் முதல் வரியில் அதைச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள் என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.